மூணோட தம்பி

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. என் கையால் பொருத்திய பெட்டி. என் காதால் கேட்ட சத்தம். இரண்டில் ஒன்றாவது பொய்யாக இருந்திருந்தால், இன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

சீனாவின் குய்சோ மலையில் மின்கோபுரம் எழுப்பும் வேலை. இரும்புச் சட்டங்களை மேலே தூக்கிப் போவது ஆறு மோட்டார் வைத்த பெரிய ட்ரோன். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று அளந்து விடுவது அதுதான். அந்தப் பெட்டிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. மலை உச்சியில் நின்று சுமையை இறக்கிக்கொள்வது என் கணவன் லோங் யின்ஷானின் வேலை.

மின்சாரம் கொடுத்ததும் பெட்டி விழித்துக்கொண்டு தன் மோட்டாரைக் "கீச்" என்று ஒருமுறை கூவ வைக்கும். செத்த பெட்டி கூவாது. ஆறும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவும்படி யின்ஷான்தான் அமைத்திருந்தான். தினமும் நான் வாக்கி-டாக்கியை மோட்டார் பக்கம் பிடிப்பேன். மேலேயிருந்து அவன் எண்ணுவான்.

"உன் பிள்ளைங்க எழுந்தாச்சா, லான்? ஒண்ணு... ரெண்டு... மூணு... மூணோட தம்பி... அஞ்சு... ஆறு!"

நாலு என்று சொல்லவே மாட்டான். எங்கள் மொழியில் நாலும் சாவும் ஏறக்குறைய ஒரே ஓசை. மலையில் அந்த எண்ணை யாரும் வாயில் எடுப்பதில்லை. பெட்டிகளின் மேல் எண் எழுதும்போதுகூட நான்காவதை மட்டும் வெறுமையாக விட்டுவிடுவோம்.

அன்று மாலை பனிமழை பிடித்துக்கொண்டது. பாதை முழுக்கக் கண்ணாடி மாதிரி உறைந்துவிட்டது. யின்ஷானோடு உச்சியில் இருந்தவன் காய்ச்சல் என்று முந்தின நாளே இறங்கியிருந்தான். மேலே அவன் மட்டும். கூடாரத்தில் அடுப்புக்கு எரிவாயு தீர்ந்துபோயிற்று.

போர்வையும் எரிவாயுவும் அனுப்பலாம் என்று ட்ரோனை எடுத்தால், கருகிய வாடை. நான்காவது பெட்டி போய்விட்டது.

"காலைல அனுப்பு. ஒரு ராத்திரிதானே?" என்றான். பற்கள் கடகடக்கும் சத்தம் கேட்டது. "வாக்கி-டாக்கியோட பேட்டரியக் கழட்டி வைக்கிறேன். குளிர்ல சீக்கிரம் தீந்துடும். வெளிச்சம் வந்ததும் போடுறேன்."

"தூங்கிடாதே."

"நீ திட்டுனதெல்லாம் நெனச்சிட்டிருந்தாலே விடிஞ்சிடும், போ."

அதுதான் அவன் கடைசியாகச் சிரித்தது.

தண்ணீர் இறங்கித்தான் பெட்டி நின்றதோ என்று ஒரு நப்பாசை. பழையதை அடுப்போரம் காய வைத்தேன். மாற்றாக வைத்திருந்த புதிய பெட்டியிலும் ஈரம் பட்டிருந்ததால் அதையும் பக்கத்தில் வைத்தேன். விடிந்ததும் புதியதை எடுத்துப் பொருத்தினேன்.

வெளியே எங்கும் வெள்ளை மூட்டம். பட்டப்பகலில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

ட்ரோனை ஓட்டும் தியென், "அண்ணி, அண்ணன் கீழ வந்ததும் எனக்கு ஒரு மிளகா நூடுல்ஸ் கடன்" என்றான். என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். முடியவில்லை.

மணி ஒன்பது பத்து. மின்சாரம் கொடுத்தேன்.

கீச்.

"ஒண்ணு..."

வாக்கி-டாக்கியில் அவன் குரல்! எனக்கு அழுகை வந்துவிட்டது. உயிரோடு இருக்கிறான்!

கீச். "ரெண்டு..."

ஆனால்... காற்றுச் சத்தம் எங்கே? மேலிருந்து பேசினால் எப்போதும் காற்று இரையும். இப்போது மூடிய அறைக்குள் இருந்து பேசுவது போல...

கீச். "மூணு..."

பற்கள் கடகடக்கவில்லை. குரலில் நடுக்கமே இல்லை.

"நாலு."

அதற்குப் பிறகுதான்... கீச்.

தியென் என்னைப் பார்த்தான். அவன் உதடு வெளுத்திருந்தது.

கீச். "அஞ்சு..."

கீச். "ஆறு."

"யின்ஷான்? யின்ஷான், பேசு!"

ஒன்றுமில்லை. இரைச்சல்கூட இல்லை.

"அனுப்பு" என்றேன்.

ட்ரோன் மூட்டத்துக்குள் போனது. திரையில் உச்சி வந்தது. கயிறு இறங்கியது. அதன் முனையில் மூட்டை மாட்டியிருந்த கொக்கியைக் கையால்தான் கழற்ற முடியும்.

காத்திருந்தோம்.

திரையில் சுமையின் எடை... பூஜ்யம்.

"எடுத்துட்டாரு அண்ணி! எடுத்துட்டாரு!"

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்தச் சில மணி நேரம் எனக்குக் கணவன் இருந்தான்.

மீட்புக்காரர்கள் பிற்பகலில் ஏறிப் போனார்கள். அவன் கூடாரத்துக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாங்கள் அனுப்பிய மூட்டை காலருகே இருந்தது. கட்டு அவிழ்க்கப்படவில்லை. வாக்கி-டாக்கியின் பேட்டரி அவன் உள்சட்டைப் பையில், நெஞ்சோடு ஒட்டி இருந்தது.

உயிர் போனது முந்தின இரவே என்றார் மருத்துவர்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. குரல் என் மனப்பிரமை என்று சொல்லிக்கொள்வேன். தியெனும் கேட்டான்தான். அவனும் பயந்திருந்தான், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்வேன்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது அடுப்போரம் அந்தப் பழைய பெட்டி அப்படியே கிடந்தது. தூக்கி எறியப் போனேன். ஏனோ மனசு கேட்கவில்லை. மோட்டாரில் மாட்டி மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன்.

கீச்.

அது புதிய பெட்டி.

இரண்டின் மேலும் எண் இல்லை. இரண்டும் வெறுமை. மாற்றி எடுத்திருக்கிறேன்.

ட்ரோனுக்கு ஓடினேன். நான்காவது பெட்டியைக் கழற்றித் திறந்தேன். உள்ளே பலகை முழுக்கக் கரி. தொட்டதும் உதிர்ந்தது.

இதோடுதான் ட்ரோன் உச்சிவரை பறந்து திரும்பியது.

அன்று ஆறு கூவல் கேட்டேன். பெட்டிகளில் உயிர் இருந்தது ஐந்துக்குத்தான்.