நாப்பி வாசம்

ரங்கூனிலிருந்து மதுரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று வருடமாகிறது. இன்று செல்லூர்க் கடை ஒன்றில் எங்கள் ஊர் நாப்பியின் வாசம் வந்தது. மீனை உப்பிட்டு இடித்த அந்த விழுதுக்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்!

"இது விக்கிறதுக்கில்லம்மா," என்றார் கடைக்கார பாய். "எம் பொஞ்சாதியும் ரங்கூன்காரிதான். அவ கேட்டான்னு கப்பல்ல வரவழைச்சேன். வந்து சேருமுன்ன மவுத்தாயிட்டா."

நான் கிளம்பப் போனேன். அவரே சாடியை என் கையில் கொடுத்தார்.

"நீங்க கொண்டு போங்க."

"உங்களுக்கு வேணாமா அண்ணே?"

"எனக்கு இந்த நாத்தமே ஆகாது. இதுக்காக அவகூட எம்புட்டுச் சண்டை போட்டிருக்கேன்!" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

இப்போது வீடெல்லாம் அதே வாசம். என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்கிறார். இன்று அவரோடு சண்டை போட மனம் வரவில்லை.

சாப்பிட யார் வருகிறீர்கள்?