மிச்சம் பிடித்த வெளிச்சம்

அந்தச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் கணவர். வேலை முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "திங்கக்கிழமையிலேர்ந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் ஃபாஸ்ட்டா வைக்கணுமாம். சீமையில அப்படித்தான் செய்யறாங்களாம். தெனம் ஒரு மணி நேர வெளிச்சம் மிச்சமாம்" என்றார். போனஸ் அறிவித்தது போல முகம் மலர்ந்திருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. திருச்சிக்குத் தெற்கே இருந்த ஒரு சின்னத் தனியார் கம்பெனியில் அவர் ஃபிட்டர். கம்பெனி கட்டிக்கொடுத்த இரண்டு வரிசை வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். எங்களுக்கு மூன்று வயதில் ஒரு மகள். நான் உறையூரில் ஆரம்பப் பள்ளி டீச்சர். கம்பெனிக்குப் புதிதாக வந்த மேனேஜர் இங்கிலாந்து போய்வந்தவர். அங்கே கோடை வந்தால் நாடே கடிகாரத்தைத் தள்ளி வைக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நாடு செய்வதை ஒரு கம்பெனி செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கரண்ட் தட்டுப்பாட்டுக் காலம் வேறு. ஏழு மணிக்கு வருகிறவனை ஆறு மணிக்கு வா என்றால் முணுமுணுப்பான். ஆறு மணியை ஏழு மணி என்று சொல்லிவிட்டால் வாயை மூடிக்கொண்டு வருவான். அவர் கணக்கு அவ்வளவுதான், அதைக் கண்டுபிடிக்க இங்கிலாந்து வரை போயிருக்க வேண்டியதில்லை.

காலனியில் ஆண்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். கம்பெனி மணி நாலுக்குச் சங்கு ஊதும்போது ஊரில் மூன்றுதான் ஆகியிருக்கும். வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தாலும் பொழுது சாய இன்னும் நேரம் இருக்கும். மைதானத்தில் பால் பாட்மிண்டன் வலையைக் கட்டிவிடுவார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இந்த ஏற்பாடு பிடித்துத்தான் இருந்தது. சாயங்காலப் பூசைக்குக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். இப்போது வீட்டுக்காரர் நேரத்தோடு வந்து கூட்டிப்போனார். எதிர்வரிசை அம்மா மட்டும், "ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் நோட்டீஸ் ஒட்டிட்டாங்களா? அதுங்க எந்த மணியைப் பார்த்து வரும்?" என்று வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த நஷ்டம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் தபால் வழியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வரலாற்றுப் பேப்பர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஏற்கெனவே இருமுறை எழுதிக் கோட்டைவிட்டவை. "இந்தத் தடவையும் போச்சுன்னா புஸ்தகத்தையெல்லாம் மூட்டை கட்டிடணும், சொல்லிட்டேன்" என்று அவர் சொல்லியிருந்தார். நானும் சரி என்று தலையாட்டியிருந்தேன். பரீட்சை ஏப்ரல் கடைசியில். நான் படிப்பதற்கு ஒரு நாளில் இருந்த ஒரே நேரம் காலை நாலிலிருந்து ஐந்து. யாருக்கும் நான் வேண்டியிருக்காத ஒரு மணி நேரம் அது. ஐந்துக்கு அடுப்பைப் பற்ற வைத்தால் ஆறரைக்கு அவருக்கு டிபனும் கேரியரும் தயார்.

இப்போது அவர் ஐந்தேமுக்காலுக்கே வாசலைத் தாண்ட வேண்டும். நாலு மணிக்கே நான் அடுப்பின் முன்னால் நிற்க வேண்டும். கம்பெனி மிச்சம் பிடித்த அந்த ஒரு மணி நேரம் வானத்திலிருந்து விழுந்ததில்லை. என் மேஜையிலிருந்து எடுத்தது.

அவர் போன பிறகு உட்கார்ந்து படிக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். அவருக்கும் தோன்றியது. ஆனால் அதற்குள் பாத்திரச் சத்தத்தில் குழந்தை எழுந்துவிடும், தண்ணீர் வந்துவிடும், பால்காரர் குரல் கொடுப்பார், எட்டு மணி பஸ்ஸுக்கு நான் ஓட வேண்டும். மணி நேரம் என்பது பானை சட்டியா, ஓர் இடத்தில் எடுத்து இன்னோர் இடத்தில் வைக்க? "அப்ப மூணு மணிக்கு எந்திரிச்சுப் படி" என்றார், திரும்பிப் படுத்துக்கொண்டே. எழுந்தும் பார்த்தேன். பத்து மணிக்குப் படுத்தவள் மூன்றுக்கு எழுந்தால் முகலாயர்கள் வரிசையாக வந்து கண்ணை மூடிவிட்டுப் போனார்கள். புத்தகத்தின் மேலேயே தூங்கி, பக்கம் நனைந்துகிடந்தது.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் என் அக்கா மகளுக்குக் காது குத்து. பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். என் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, "கிளம்பு, கிளம்பு, நேரமாச்சு" என்று பறந்தார். அவர் கையில் இருந்தது கம்பெனி மணி. எனக்குத் தெரியும். போய்ப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். பஸ்ஸில் பாலத்தைத் தாண்டி, சித்திரை வீதியில் அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது ஊர் மணி எட்டரைதான், அத்தான் லுங்கியோடு பல் துலக்கிக்கொண்டிருந்தார். "என்ன மாப்ளே, நாங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க?" என்று கேட்டார். என் கணவர் கம்பெனி மணியை விளக்க ஆரம்பித்தார். ஒரு கூட்டமே கூடிச் சிரித்தது. "உங்க மேனேஜர் சொன்னா காவேரியும் ஒரு மணி நேரம் முன்னாடி ஓடுமா?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அக்காவுக்குக் காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே நடந்ததையெல்லாம் சொன்னேன். தலை துவட்டிக்கொண்டிருந்தவள் துண்டை இறக்கினாள்.

"உங்க வீட்டுச் சுவர்க் கடிகாரம் நீ வாங்கினதுதானேடி?"

"ஆமா, என் மொதச் சம்பளத்துல."

"அப்புறம் என்ன? கம்பெனியா வாங்கிக் குடுத்துச்சு? அவங்க சுவர்ல அவங்க மணி ஓடட்டும். உன் சுவர்ல எதுக்கு?"

இத்தனை நாள் இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. எவனோ ஒருவன் நோட்டீஸ் ஒட்டினான், நான் முக்காலி போட்டு ஏறி முள்ளைத் தள்ளிவிட்டேன். டீச்சர் என்று பேர்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முக்காலியில் ஏறினேன். மணியடிக்கிற கடிகாரத்தில் முள்ளைப் பின்பக்கம் திருப்பக் கூடாது, உள்ளே கெட்டுப்போகும். அதனால் பெண்டுலத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு இறங்கினேன். சத்தம் நின்றதைக் கேட்டு அவர் கூடத்துக்கு வந்தார்.

"கடிகாரம் ஏன் நின்னுபோச்சு?"

"நிக்கல. நான் நிறுத்தி வெச்சிருக்கேன். ஊர் மணி வந்து சேரட்டும்."

ஒரு மணி நேரம் கழித்துப் பெண்டுலத்தை ஆட்டிவிட்டேன். அவர் என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விளையாட்டு என்று நினைத்திருப்பார். மறுநாள் நாலு மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். அவர் குளித்துவிட்டு வந்து அடுப்பைப் பார்த்தார். அடுப்பு பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லென்று கிடந்தது.

"டிபன்?"

"அஞ்சு மணிக்குத்தான் அடுப்பு. எப்பவும் போல."

"மணி அஞ்சு ஆயிருச்சு!"

"உங்க கம்பெனில ஆயிருக்கும். இங்க நாலுதான்."

காலையில் கேண்டீன் இட்லி, மத்தியானம் கேண்டீன் சாப்பாடு என்று ஒரு வாரம் போனது. எங்களுக்குள் பேச்சில்லை. காலனி பேசியது, எங்களுக்கும் சேர்த்து. டீச்சர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது குழாயடி வரை போயிற்று. பக்கத்து வீட்டு அக்கா பகலில் என் மகளைப் பார்த்துக்கொள்பவர், என்மேல் பிரியம் உள்ளவர். அவரே, "கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போலாமே டீச்சர்" என்றார். "ஒரு மணி நேரம் விட்டுக் குடுத்தாச்சுக்கா. இனிமே விட எங்கிட்ட மிச்சம் இல்ல" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று.

வார முடிவில் அவர் வெடித்தார்.

"ஊரே சிரிக்குது. நான் என்ன தப்பு செஞ்சேன்? கம்பெனி சொல்றதைத்தானே கேக்கறேன்?"

"வெளிச்சம் மிச்சம்னு வந்து சொன்னீங்களே, அது எங்க?"

"எது?"

"அந்த வெளிச்சம்தான். தெனம் ஒரு மணி நேரம். நீங்க அதைப் பந்தடிச்சுத் தீர்க்கறீங்க. எங்கிட்டேர்ந்து எடுத்ததுங்க அது. ஒண்ணு, அதைத் திருப்பிக் குடுங்க. இல்லாட்டி அதுல வேலை செய்யுங்க. காய் நறுக்குங்க, புள்ளையைக் கூட்டிட்டு வாங்க, காலைல அடுப்பைப் பத்த வைங்க. நான் படிக்கணும். பாஸ் பண்ணணும். எனக்கு அது வேணும்."

வேணும் என்று ஒரு பொருளைக் கேட்டு அவரிடம் அதுவரை நான் பேசியதில்லை. புடவைக்குக்கூட. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது, அவர் அதில் இல்லை. எங்கள் வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன். ஜன்னல் வழியாக யார் என்று பார்த்துவிட்டுத்தான் திறந்தார். உள்ளே தரையில் முறத்தில் பீன்ஸ், ஒன்று விரல் நீளம், ஒன்று நகம் நீளம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து காம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "யாரும் பாத்துடப் போறாங்க, கதவைச் சாத்து" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சாத்தினேன். அதற்கடுத்த நாளிலிருந்து காலையில் உப்புமா அவர் கைவண்ணம். கட்டி தட்டியிருக்கும், சில நாள் உப்பே இருக்காது. பாராட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, நானும் சொல்லவில்லை. நாலிலிருந்து ஐந்து வரை என் காதில் ஸ்டவ் சத்தம் விழும். நான் தலையைத் தூக்க மாட்டேன்.

பரீட்சை எழுதினேன். ஆடி மாதத்தில் முடிவு வந்தது. இரண்டு பேப்பரும் பாஸ். அவர் ஜங்ஷன் வரை போய் இனிப்பு வாங்கிவந்து காலனி முழுக்கக் கொடுத்தார். பரீட்சை அவரே எழுதியது போலத்தான் இருந்தது. அதில் பாதி உண்மையும்கூட.

புரட்டாசி முடிவில் கம்பெனி மறுபடி நோட்டீஸ் ஒட்டியது, கடிகாரம் பழையபடி. சங்கு ஊர் மணிக்கே ஊதும் என்று தெரிந்ததும் அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். "அப்பாடா. இனிமே பழைய மாதிரி நீயே சமைச்சிடலாம். பரீட்சையும் முடிஞ்சிருச்சு. நாலு மணிக்கு எந்திரிச்சு இனிமே என்ன பண்ணப் போற?"

"சும்மா உக்காரப் போறேன்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

மறுநாள் நாலு மணிக்கு எழுந்தேன். மேஜையில் புத்தகம் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவர் வந்து நின்றார். காரணம் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் பார்த்தார். நான் சொல்லவில்லை. பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தார்.