புல் காட்டிய வீடு

தோட்டம் வேண்டும் என்று யாராவது கூப்பிட்டால் வளர்மதி முதலில் கைப்பேசியில் படங்களைக் காட்டுவாள். கொரியன் புல் விரித்த தரை ஒன்று. வெள்ளைக் கூழாங்கல் கொட்டி நடுவே மூங்கில் வைத்த ஜப்பான் மாதிரி ஒன்று. வாழையும் பெரிய இலைச் செடிகளும் அடர்ந்த கேரளா மாதிரி. தண்ணீர் இல்லாத இடத்துக்குக் கள்ளியும் பாறையும். லப்பைக்குடிக்காட்டில் வளைகுடாப் பணத்தில் கட்டிய வீடுகளுக்குப் புல் பிடிக்கும். பெரம்பலூர் டாக்டர்களுக்குக் கூழாங்கல்.

செந்துறைதான் அவளுக்கு ஊர் என்றாகிவிட்டது. சிமெண்ட் ஆலைக் குடியிருப்பு ஒன்றில் பத்து வருடம் களை பிடுங்கிக்கொண்டே தொழிலைக் கற்றவள். இப்போது ஒரு ஸ்கூட்டியும், கூப்பிட்டால் வரும் மூன்று பெண்களும் உண்டு.

உடையார்பாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வைரக்கண்ணு கூப்பிட்டது மூன்று வருடம் முன்பு, ஒரு தை மாதம். திருச்சியில் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா காலத்து வீட்டை இடித்துவிட்டு, அதே மனையின் பின்பக்கம் மாடி வீடு கட்டியிருந்தார். முன்னால் பழைய வீடு நின்ற இடம் வெறுமனே கிடந்தது. மேலே ஒரு அடிக்கு வண்டல் அடித்துச் சமன் செய்திருந்தார்கள்.

"மாடியில நின்னு பாத்தா பச்சையா தெரியணும். அவ்வளவுதான்மா" என்றார்.

புல் நன்றாகப் பிடித்தது. பங்குனி முடியும்வரை ஒரு குறையும் இல்லை. சித்திரையில் போர் மோட்டார் பழுதாகிப் பன்னிரண்டு நாள் தண்ணீர் நின்றது. பதின்மூன்றாம் நாள் அவருடைய மனைவி சம்பூர்ணம் போன் செய்தாள்.

"வளரு, ஒருதரம் வந்துட்டுப் போயேன். புல்லு ஒரு மாதிரியா இருக்கு."

காலை பத்து மணி வெயிலில் மாடியேறிப் பார்த்தாள் வளர்மதி. பச்சைக்கு நடுவே ஒன்றரை அடி அகலத்தில் வைக்கோல் நிறக் கோடுகள் நேர்நேராக ஓடின. ஒன்றையொன்று வெட்டிக் கட்டம் கட்டமாகப் பிரிந்தன. சில இடங்களில் கோடு மூன்றடிக்கு அறுந்து, மறுபடி தொடங்கியது.

"இது கூடம்" என்றாள் சம்பூர்ணம், விரல் நீட்டி. "அது அடுப்படி. கோடு விட்டிருக்குல்ல, அதெல்லாம் வாசப்படி. நான் இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே கெடக்கு."

காரணம் வளர்மதிக்குத் தெரியும். அஸ்திவாரக் கல்லை எடுக்காமல் மேலே மண் போட்டுவிட்டார்கள். கல்லுக்கு மேல் வேர் இறங்காது, தண்ணீர் குறைந்தால் அங்கேதான் முதலில் காயும். அதைச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூலையிலிருந்த சின்னக் கட்டத்தில் அவள் பார்வை நின்றது. அந்தக் கட்டத்துக்குள் மட்டும் ஒரு ஆள் படுக்கிற அளவு புல், மற்ற இடத்தைவிடக் கரும்பச்சையாக, கணுக்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

"அது நெல்லு போடுற ரூமு. மாமா அங்கதான் கட்டில் போட்டுப் படுத்திருப்பாரு. சாகுற வரைக்கும் அங்கதான். கோடையில வேகும், வெளிய வந்து படுங்கன்னா கேக்க மாட்டாரு."

அந்த இடத்தில் மண் ஆழமாகத் தோண்டி மூடப்பட்டிருக்கிறது, அதனால் ஈரம் நிற்கிறது. இதை வளர்மதி சொல்லவில்லை. வைரக்கண்ணு பக்கத்தில் நின்று அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புல்ல எடுத்துடுங்க" என்றார். "போன்ல வெள்ளக் கல்லு காட்டுனீங்கல்ல, அத போடுங்க."

வைகாசியில் புல்லை உரித்துவிட்டு, களை முளைக்காத துணி விரித்து, மேலே வெள்ளைக் கூழாங்கல்லைக் கொட்டினாள். ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் அவள் போனபோது, முன்பு கரும்பச்சை நின்ற அதே இடத்தில் கல் ஒரு முழம் உள்வாங்கியிருந்தது. பள்ளத்தின் ஓரங்கள் பெட்டி வெட்டியது போல நேராக இருந்தன.

"இன்னும் ரெண்டு லோடு கல்லு போட்டா சரியா போயிடும்" என்றார் வைரக்கண்ணு.

"போடலாம் சார். மறுபடியும் இறங்கும். உள்ள ஏதோ இருக்கு. அத எடுக்காம நான் இதுக்கு மேல ஒண்ணும் போட மாட்டேன்."

அவர் உள்ளே போய்விட்டார். சம்பூர்ணம்தான் கடப்பாரையைக் கொண்டுவந்து வைத்தாள்.

மூன்றடியில் தகரம் தட்டுப்பட்டது. மேல்மூடி துருவேறிப் பொத்துப்போன ஒரு டிரங்குப் பெட்டி. வளர்மதியோடு வேலைக்கு வந்த பெண்கள் அதைத் தூக்கி வெளியே வைத்தார்கள். வைரக்கண்ணு படியிறங்கி வந்தார். அதைப் பார்த்ததும் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அக்கா பொட்டி."

அக்கா கிருஷ்ணம்மாள். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது அவளுக்குப் பத்தொன்பது. ஒருநாள் காலையில் அவள் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரோடோ போய்விட்டாள் என்றார் அப்பா. சிறுவன் ஓடிப்போய்ப் பார்த்தான். பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. அந்த வாரமே நெல் அறையின் மண்தரையை, எலி வளை அடைக்க வேண்டும் என்று அப்பா தானே கொத்திப் பூசினார். ஐம்பத்திரண்டு வருடம் வைரக்கண்ணு அக்கா பெயரைச் சொன்னதில்லை. தன் கல்யாணத்தில் யாரோ அவளைப் பற்றிப் பேச்செடுத்தபோது பந்தியிலிருந்து எழுந்து போனார்.

"எங்கிட்ட சொல்லாம போயிட்டாளேன்னுதான் கோவம்" என்றார்.

வளர்மதி பெட்டிக்குள் பார்த்தாள். துணிகள் கறுத்துக் கட்டியாகக் கிடந்தன. ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. நீல வார் வைத்த ரப்பர் செருப்பு, அதிகம் தேயாதது. கூழாகிப்போன ஒரு புத்தகம், எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ்ப் புத்தகமாக இருக்கலாம்.

வளர்மதியும் இருபது வயதில் ஜெயங்கொண்டம் பக்கமிருந்து, காதலித்த பிச்சைமுத்துவோடு வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பி வந்தவள்தான். அன்று சத்தம் வரக்கூடாதென்று கொலுசைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். மூன்றாம் நாள் அதை விற்றுத்தான் இருவரும் சாப்பிட்டார்கள்.

"சார்" என்றாள் மெதுவாக. "போற பொண்ணு கொலுச வுட்டுட்டுப் போவாது. செருப்ப வுட்டுட்டுப் போவாது. அக்கா எங்கயும் போவல."

அவர் அந்தச் செருப்பை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

போலீஸ் வந்தது. நெல் அறை இருந்த இடத்தை ஆறடிக்குத் தோண்டினார்கள். வேறொன்றும் இல்லை. அப்பா இறந்து இருபது வருடம், சாட்சி யாரும் இல்லை. பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

தை பிறந்ததும் வைரக்கண்ணு மறுபடி கூப்பிட்டார்.

"கல்லெல்லாம் எடுத்துடுங்க. மனை முழுக்கப் புல்லு போடுங்க. மதில் வரைக்கும். மரம் வேணாம், தொட்டி வேணாம், நடக்கப் பாதைகூட வேணாம்."

"பின்னாலயுமா சார்? அங்க யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்கணும்."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் போட்டாள், வீட்டின் நான்கு பக்கமும், ஓர் அங்குலம் விடாமல். சித்திரை முதல் தேதி அவரே போய்த் தண்ணீர்க் குழாயை மூடினார். தினமும் மூன்று வேளை மாடியைச் சுற்றி வந்தார். சாப்பாடு குறைந்துவிட்டது என்று சம்பூர்ணம் போனில் சொன்னாள்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம், வேலையாக அந்தப் பக்கம் போன வளர்மதி உள்ளே நுழைந்தாள். முன்பக்கம் பழைய கோடுகள் வந்திருந்தன. வைரக்கண்ணு பின்பக்க மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே மாட்டுக்கொட்டகை இருந்த மூலை. சுற்றிலும் புல் சருகாகிக் கிடக்க, மதிலையொட்டி நீளவாக்கில் ஒரு துண்டு மட்டும் பச்சை.

"எருக்குழியா இருக்கும்" என்றார், அவளைத் திரும்பிப் பார்க்காமல்.

"எருக்குழி தெக்கால இல்ல இருந்துச்சு" என்றாள் பின்னால் நின்ற சம்பூர்ணம்.

பிறகு அவரே போலீஸுக்குப் போன் போட்டார்.

நாலரை அடியில் கிடைத்தது. எலும்புகள் பரிசோதனைக்குப் போய், ஏழு மாதம் கழித்து, துணி சுற்றிய சின்ன அட்டைப்பெட்டியில் திரும்பி வந்தன. சிதைக்கு அவரே தீ வைத்தார். அந்த ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வளர்மதி மட்டும் எல்லைவரை நடந்து போய், புகை எழும்பும்வரை நின்றுவிட்டு வந்தாள்.

அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இந்தச் சித்திரையில் வைரக்கண்ணு போன் செய்தார். குரல் நிதானமாகத்தான் இருந்தது.

"ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்கம்மா. இன்னொரு எடம் பச்சையா இருக்கு."

போனாள். மாடியில் நின்று அவர் காட்டிய இடத்தைப் பார்த்தாள். கிழக்கு மதிலோரம். இந்த வருடமும் அவர் தண்ணீர்க் குழாயை மூடிவைத்திருந்தார், புல் ஒரே சீராகக் காய்ந்திருந்தது. எங்கேயும் பச்சை இல்லை.

"தெரியுதா? சின்னதா இருக்கு பாருங்க. கொழந்த அளவு."

சம்பூர்ணம் அவருக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் அசைத்தாள். வளர்மதி கீழே இறங்கிப் போய் அந்த இடத்தில் மண்டியிட்டுக் கையால் தடவினாள். சருகு விரலில் நொறுங்கியது. மேலே நிமிர்ந்தபோது அவர் சுவரில் சாய்ந்து, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

"இருங்க சார்" என்று சொல்லிவிட்டு மோட்டார் அறைக்குப் போனாள். குழாய்கள் அத்தனையையும் திறந்துவிட்டு, சுவிட்சைப் போட்டாள். முன்பக்கம், பின்பக்கம், மதிலோரம் எல்லாம் தண்ணீர் பாய்ந்தது. அன்று சாயங்காலம்வரை அங்கேயே இருந்து, ஓர் இடம் விடாமல் நனைத்தாள். மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும். பத்து நாளில் மனை முழுக்க ஒரே பச்சையாகிவிட்டது.

அவர் மாடியில் நின்று வெகுநேரம் தேடினார். பிறகு உள்ளே போய்ப் படுத்தார்.

அன்றிலிருந்து வாரம் இரண்டு முறை அங்கே போகிறாள் வளர்மதி. ஒரு கோடையிலும் அந்த மனை இனிக் காயாமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று சம்பூர்ணத்திடம் சொல்லியிருக்கிறாள்.