கட்டையில் ஒட்டிய செம்மறி

எங்கள் குலதெய்வத்துக்குச் செம்மறி ஆகாது. ஆடி மூன்றாம் ஞாயிறு படையலுக்கு ஒரு வெள்ளாட்டுக் கிடாவை வெட்டுவோம். பந்திக்குக் குறையும் கறியைச் செஞ்சி பஜாரில் எப்போதும் ஒரே கடையில்தான் வாங்குவோம். உரித்துத் தொங்கவிட்ட ஆட்டில் கடைக்காரர் வாலை மட்டும் அறுக்காமல் விட்டிருப்பார். குட்டையாக, மேல்நோக்கி இருந்தால் வெள்ளாடு; கீழே தொங்கினால் செம்மறி.

கடந்த ஆடி முதல் ஞாயிறன்று ஆர்டர் சொல்லப் போனபோது அந்த வாலில் நூல் சுற்றியிருந்தது.

"இன்னா சார், வாலையே மொறைக்கிறீங்க?"

"கட்டி வுட்ட மாதிரி இருக்குது."

"ஈ மொய்க்குதேன்னு தூக்கிக் கட்னேன். செம்மறிக்கு வாலு தச்சு விக்க நான் இன்னா டெய்லரா? எங்க வேணா குடுத்து டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

கூட வந்திருந்த பங்காளி அண்ணன், "ரிசல்ட் வரட்டும், அப்புறம் ஆர்டர்" என்றார். கடைக்காரரின் சிரிப்பு நின்றது. அந்த மாதத்தில் அவருக்கு அதுதான் பெரிய வியாபாரம்.

கறி சோதிக்கும் ஆய்வகத்தில் என் மகள் வேலை செய்கிறாள். அன்று அந்தக் கடையில் வாங்கிய கறியில் ஒரு துண்டை ஐஸ் டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். டி.என்.ஏ.வில் ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்டால் மட்டும் வெட்டும் என்சைம்கள் உண்டு. அந்த வரிசை வெள்ளாட்டில் ஓரிடத்திலும் செம்மறியில் வேறிடத்திலும் இருப்பதால் வெட்டுண்ட துண்டுகளின் நீளம் மாறும். நீளவாரியாகப் பிரித்தால் கோடுகளாகத் தெரியும். கைரேகை போலத்தான், ஆனால் ஆளுக்கல்ல, இனத்துக்கு.

வெள்ளாட்டின் கோடுகள் அழுத்தமாக விழுந்திருந்தன. கூடவே மங்கலாகச் செம்மறியின் கோடுகள்.

"மாட்னான்" என்றேன்.

"இரு நைனா. கட்டையில வெட்டினதையா எடுத்துக்கினு வந்தே?"

திரும்பிப் போய்க் கடைக்காரரைக் கேட்டேன். "ஓட்டலுக்குச் செம்மறி இதே கட்டையிலதான் சார் வெட்றேன். யாரு கேட்டீங்க?" என்றார். தொங்கிய தொடையிலிருந்து புது பிளேடால் நானே ஒரு துண்டு அறுத்தேன். மகள் சோதித்தபோது அதில் வெள்ளாடு மட்டுமே இருந்தது.

இரண்டு முடிவுகளையும் பங்காளிகளிடம் சொன்னேன்.

"மங்கலோ பளிச்சோ, செம்மறி இருந்துச்சா இல்லியா?" என்றார் அண்ணன்.

"கட்டையிலேர்ந்து ஒட்டினது."

"அது கட்டைக்குத் தெரியும். சாமிக்குத் தெரியுமா?"

ஆர்டர் அனந்தபுரத்தில் வேறொரு கடைக்குப் போனது. படையலன்று கறி துண்டு போட்டே அண்டாவில் வந்தது.

"இது வெள்ளாடுதானா?" என்று கேட்டேன்.

"கடைக்காரரே சொன்னாருப்பா. உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்றார் அண்ணன்.

அந்தக் கடையின் கட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இலையில் விழுந்த துண்டைப் புரட்டிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலையில் அண்ணன் இரண்டாம் முறை கறி கேட்டார்.