கையைப் பார்த்துப் பால் கொடுத்த நாட்கள்

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் ஒரே நாளில் பிறந்தார்கள். மாதம் நிறையவில்லை. எட்டாம் மாதக் கடைசியில் வலி கண்டு, லுணுகலைப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனார்கள். மூத்தவள் இரண்டாம் நாள் போய்விட்டாள். நுரையீரல் வளரவில்லை என்றார் டாக்டர். என் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும் அவளைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். ஒரே ஒரு தடவைதான் அவளை என் கையில் கொடுத்தார்கள். போட்டோ எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இளையவளைச் சில வாரங்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, பால் உறிஞ்சப் பழகிய பிறகு எங்களோடு அனுப்பினார்கள். தோட்டத்தில் எங்கள் வரிசை வீடு இருக்கும் லயத்துக்கு வந்த அன்று அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்தார்கள். ஒன்றாவது தங்கியதே என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

இரண்டு பேருக்கும் ஒரே முகம். அதே ஒட்டிய கன்னம், அதே மேல் உதடு. இளையவள் கண்மூடித் தூங்கினால், ஆஸ்பத்திரியில் என் கையில் ஒரு தடவை கிடந்தவள் மாதிரியே இருந்தாள். அதனால் நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. பாக்டரி சங்கு ஊதும்போது எடுத்து மடியில் போடுவேன். முகத்தின் மேல் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, கதவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பால் கொடுப்பேன். அடுத்த சங்கு வரை தொட்டிலில்தான் கிடப்பாள். இடையில் அழுதால் என் வீட்டுக்காரரின் அம்மா, மாமி, ஆட்டுவார். அழுது களைத்துப்போனவளை மார்பில் போட்டால், நாலு வாய் உறிஞ்சுவதற்குள் தூங்கிவிடுவாள். இரண்டு பிள்ளைகளுக்கென்று ஊறிய பால் எனக்கு. மார்பு கல்லாகிக் காய்ச்சல் வரும். டம்ளரில் பீய்ச்சி மாமியிடம் கொடுப்பேன். மாமி அதைக் காலடி படாத இடமாகப் பார்த்து, வாழை மரத்தடியில் ஊற்றிவிட்டு வருவார்.

தோட்டத்தில் எங்கள் டிவிசனுக்குத் தாய் பிள்ளைகளைப் பார்க்க வரும் மருத்துவமாது சிங்களவர். மிஸ்ஸி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தமிழ் ஓரளவு பேசுவார். ஒரு நாள் காலை பத்து மணிபோல் வந்து, பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தார். பிறகு பிள்ளையின் எடைக் கார்டை எடுத்துக் கோடு போட்டார். போன தடவை போட்ட கோட்டுக்கு மேல் அது ஏறவே இல்லை. என்னைப் பால் கொடுக்கச் சொல்லிவிட்டு எதிரில் பலகைக் கட்டையில் உட்கார்ந்துகொண்டார். நான் வழக்கம்போல் சேலையை இழுத்தேன். அவர் அதை விலக்கினார். பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் சொன்னார்.

பார்க்க முடியவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். அதுவரை யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அடுப்படியில் மாமி கைவேலையை நிறுத்திவிட்டது தெரிந்தது.

மிஸ்ஸி ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. "அந்தப் பிள்ளைக்கு இனி பசி இல்ல. இந்தப் பிள்ளைக்கு இப்ப பசி" என்றார்.

பிறகு பிள்ளையின் கையைப் பிடித்துக் காட்டினார். "முகம் பார்க்க ஏலாட்டி கையப் பாருங்க. பசி வந்தா கை இறுக்கி மூடும், வாய்க்குக் கொண்டு போகும். வயிறு நெறஞ்சா விரல் தானா விரியும். அழுற வரைக்கும் இருக்க வேணாம். அழுறது கடைசி."

அன்றிலிருந்து சங்கைக் கணக்கில் எடுக்கவில்லை. பிள்ளையை என் சட்டைக்குள், நெஞ்சோடு நெஞ்சாகப் போட்டுக்கொண்டு கையை மட்டும் பார்த்தேன். விரல் மடங்கும்போதே கொடுத்தேன். சில நாள் ஒரு மணித்தியாலத்துக்குள் மூன்று தடவை. சில நாள் மத்தியானம் முழுக்கத் தூங்குவாள். இப்படி எடுத்ததுக்கெல்லாம் கொடுத்தால் இறக்கி விடவே முடியாமல் போகும் என்று மாமி முதலில் முனகினார். பிறகு அவரே அடுப்படியிலிருந்து, "புள்ள, கைய மூடிட்டா பாரு" என்று சொல்லத் தொடங்கினார். அவள் அசைவு ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது. பாசம் என்று அதைச் சொல்ல மாட்டேன். தெரிந்தது, அவ்வளவுதான். பாசம் எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது.

கார்டில் கோடு ஏறியது. இரண்டு மாதத்தில் கன்னம் உப்பி, கழுத்தில் மடிப்பு விழுந்தது. ஒரு நாள் பால் குடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். நானும் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அது வேறு முகம். அந்த ஒட்டிய கன்னம் இல்லை, அந்த உதடும் இல்லை. மூத்தவளின் முகம் இந்த உலகத்தில் மிச்சமிருந்தது இவளிடம் மட்டும்தான். அதையும் நானே பால் கொடுத்துக் கொடுத்து அழித்துவிட்டேன் என்று தோன்றியது. அன்றுதான் மூத்தவளுக்காக வாய்விட்டு அழுதேன். இளையவள் சிரித்தாள். மாமி வந்து எங்கள் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் அழுதார்.

பிரசவ லீவு முடிந்து நான் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக வேண்டி வந்தது. மாமிக்கும் வேலை. பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் விட்டேன். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் கை மூடுவது, விரிவது, தலையைத் திருப்புவது எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தக் காம்பராவில் பதினொரு பிள்ளைகள். அவர் ஒருத்தர். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை இறங்கி வந்து பால் கொடுக்க எனக்கு அனுமதி இருந்தது. தூர மலையில் வேலை என்றால் வந்து சேரவே அரை மணி ஆகும். நடுவில் பால் சுரந்து சட்டை நனைந்துவிடும். அவள் அங்கே கை மூடியிருப்பாள் என்று தெரியும். கொழுந்து பறித்துக்கொண்டே நிற்பேன்.

முதல் வாரம் அழுதாள் என்றார் அந்த அக்கா. இரண்டாம் வாரமும் அழுதாள். மூன்றாம் வாரம் நான் போனபோது சிரித்த முகத்தோடு பிள்ளையை நீட்டினார்.

"ஒங்க புள்ள மாதிரி நல்ல புள்ள வேற இல்ல தங்கச்சி. போட்ட எடத்திலயே கெடக்குறா. சத்தமே இல்ல."

அவருக்குச் சந்தோஷம். வாங்கி மார்பில் போட்டேன். பிள்ளை கையை மூடாமல், அவசரப்படாமல் குடித்தாள்.

இப்போது அவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள். மற்றப் பிள்ளைகள் மாதிரி வந்ததும் சாப்பாடு கேட்க மாட்டாள். பசிக்கிறதா என்று நான்தான் கேட்க வேண்டும். கேட்டால் ஆமாம் என்பாள்.