ஒட்டியது தெரியாத பெட்டி

பார்சல் கம்பெனியின் கிடங்கில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பதினோரு வருஷமாக டேப் அக்காதான். சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறது. குமாஸ்தா அதை வாசிக்கும்போது, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளே ஒரு கணம் திரும்பிப் பார்ப்பாள்.

கிழிந்த பெட்டி, நசுங்கிய பெட்டி, வயிறு பிளந்து உள்ளே இருப்பது வெளியே எட்டிப் பார்க்கும் பெட்டி, எல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். ஏன் கிழிகிறது என்று கேட்பவர் அந்தக் கிடங்கில் ஒரு மணி நேரம் நின்று பார்க்க வேண்டும். லாரியிலிருந்து ஓடும் பெல்ட்டுக்கு, பெல்ட்டிலிருந்து கூண்டு வண்டிக்கு, எல்லாமே எறிதல்தான். குனிந்து வைத்தால் மணிக்கு இத்தனை என்ற கணக்கு எட்டாது. எட்டாவிட்டால் சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசுவார். கண்ணாடிக் கோப்பைப் படம் ஒட்டிய பெட்டிக்கு மட்டும் தனி மரியாதை உண்டு. “பாத்துப்பா, கண்ணாடி” என்று சொல்லிவிட்டு எறிவார்கள்.

டேப் அக்காவின் கை பட்ட பிறகு, அது அடிபட்ட பெட்டி என்று யார் சத்தியம் செய்தாலும் எடுபடாது. நசுங்கிய மூலையை உள்ளிருந்து தட்டி நிமிர்த்துவாள். ஏதாவது உருண்டால் சத்தம் வராதபடி காகிதத்தைக் கசக்கிக் கிழிசல் வழியாகத் திணிப்பாள். பழைய டேப்பின் மேலேயே ஓரம் பிசகாமல் புது டேப்பை ஒட்டி, முனையைச் சின்ன முக்கோணமாக மடித்து விடுவாள். பிரிப்பவருக்கு நகம் வலிக்கக் கூடாதாம். கடைசியில் சீட்டில் ‘நல்ல நிலை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். பெட்டி வெளியே நன்றாக இருந்தால், உள்ளே உடைந்ததற்குக் கம்பெனி பொறுப்பில்லை. இது கம்பெனியின் சட்டம். அந்தச் சட்டமே தன் இரண்டு கைகளில்தான் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வயிற்றைக் கழுவினாள்.

அதற்காகத் தனக்கென்று ஓர் ஏற்பாடும் வைத்திருந்தாள். முகவரி ஒட்டிய பக்கத்தைக் கவிழ்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். முதல் வருஷம் பெயர்களைப் படித்துத் தொலைத்தாள். ஒரு பொம்மை வீடு, மருத்துவமனையில் இருந்த ஏதோ குழந்தைக்குப் போவது, உள்ளே தூள் தூளாகக் கிடந்தது. அதை நல்ல நிலை என்று எழுதி அனுப்பிய பிறகு பத்து நாள் சாப்பாடு இறங்கவில்லை. பெயர் தெரியாதவரை அது வெறும் பெட்டி.

இப்போது அவள் கணவரே மருத்துவமனையில் கிடந்தார். முப்பது வருஷம் இரும்பு அலமாரிகளுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடித்த நுரையீரல். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மூச்சு போதாது. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இருந்தால் அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிவிட்டது. புதிதாக வாங்கப் பணமில்லை. அவர் தினமும் கேட்டது ஒன்றுதான். “எப்ப வீட்டுக்கு?” ஜன்னலோரம் கிடக்கும் தன் கட்டிலில் படுக்க வேண்டும், வேறு ஆசை எதுவும் அவருக்கு மிச்சமில்லை.

வேறு ஊரில் இருந்த நாத்தனார் வீட்டில், தன் மாமனார் இறந்த பிறகு சும்மா கிடந்த ஆக்சிஜன் மெஷின் ஒன்று இருந்தது. அதை அனுப்புவதாகப் போனில் சொன்னாள்.

“உங்க கம்பெனிலயே போடறேன் அண்ணி. நீங்க இருக்கிற இடம், பத்திரமா வந்து சேரும்.”

வேண்டாம் என்ற சொல் டேப் அக்காவின் நாக்கு நுனி வரை வந்தது. சோறு போடும் இடத்தைத் தானே எப்படித் தூற்றுவது? “நல்லாத் துணி சுத்தி வைம்மா” என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அனுப்புவதாகப் பேச்சு. தன் பெட்டி வந்தால் கையால் இறக்கும்படி பெல்ட் ஆட்களிடம் சொல்லி வைத்தாள். “உங்க வீட்டுப் பெட்டிய எறிவமாக்கா? பூ மாதிரி இறக்கறோம்” என்றார்கள். நாத்தனாரோ அவசரக்காரி. அண்ணனுக்கு மூச்சுத் திணறுகிறதென்று கேட்ட பிறகு வெள்ளிவரை பொறுப்பாளா? செவ்வாய்க்கிழமையே, வீட்டில் கிடந்த பழைய ஏர்கூலர் பெட்டியில் மெஷினை வைத்து அனுப்பிவிட்டாள். போய்ச் சேரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

புதன்கிழமை மதியம் ஏர்கூலர் படம் போட்ட பெட்டி ஒன்று டேப் அக்காவின் மேஜைக்கு வந்தது. ஒரு மூலை உள்ளே போய், ஓரம் கிழிந்திருந்தது. வழக்கம்போல முகவரியைக் கவிழ்த்தாள். ஆட்டிப் பார்த்தபோது கனமாக ஏதோ கடகடத்தது.

“யார் வீட்டுலயோ இந்த வருஷம் வியர்க்கப் போகுது” என்றாள் பக்கத்து மேஜைக்காரியிடம். அவளும் சிரித்தாள்.

காகிதம் திணித்ததும் சத்தம் நின்றது. டேப், முக்கோண மடிப்பு, நல்ல நிலை, கையெழுத்து. அன்று ஒட்டியதிலேயே அழகான ஒட்டு அதுதான்.

வியாழன் அவளுக்கு விடுமுறை. டெலிவரிக்காரர் வாசலில் பெட்டியை இறக்கினார்.

“அட, உங்க வீடாக்கா? பெட்டி கல்லு மாதிரி இருக்கு. ஒரு கையெழுத்துப் போடுங்க.”

முதலில் அவள் கண்ணில் பட்டது அந்த முக்கோண மடிப்பு. அனுப்பியவர் பெயரைப் படித்தாள், நாத்தனார் பெயர்.

“பிரிச்சுப் பாத்துட்டுப் போடறேனே.”

“வெளிய நல்லா இருந்தா பிரிக்க விடக் கூடாது. உங்களுக்குத் தெரியாததாக்கா?”

தெரியும். கையெழுத்துப் போட்டாள்.

மெஷினின் மேல்கூடு குறுக்கே வெடித்திருந்தது. உள்ளே மோட்டார் கழன்று தொங்கியது. பிளக்கைச் சொருகினாள். ஒரு முறை உறுமிவிட்டு அடங்கிப்போனது. தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்து, “இது தேறாதும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். தான் திணித்த காகிதங்களை அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டாள். அழக்கூடத் தெம்பில்லை.

மறுநாள் சூப்பர்வைசர் முன்னால் நின்றாள்.

“நம்ம பெல்ட்லதான் சார் உடைஞ்சிருக்கு.”

“எப்படிச் சொல்றீங்க?”

“நான்தான் ஒட்டினேன். அப்பவே உள்ள கடகடன்னுது.”

அவர் சீட்டைத் தேடி எடுத்து அவள் பக்கம் தள்ளினார். “நல்ல நிலைன்னு போட்டிருக்கு. கையெழுத்து உங்களோடது. நான் என்னக்கா பண்றது?”

அவர் கேலி செய்யவில்லை. பாவம், அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. இதே பதிலைக் கவுண்டரில் வாங்கிக்கொண்டு எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு உடம்பு கூசியது. மேஜைக்குத் திரும்பினாள். எட்டுப் பெட்டிகள் காத்திருந்தன. அன்று முகவரியைக் கவிழ்க்கவில்லை. எல்லாப் பெயர்களையும் படித்துக்கொண்டே ஒட்டினாள்.

சாயங்காலம் வார்டுக்குள் நுழையும்போது கணவர் பக்கத்துக் கட்டில்காரரிடம் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். “மெஷின்... அவ கைபட்டு... வரும்... பயமில்ல.” அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“மெஷின் வந்துச்சா?”

“வந்துச்சு. உடைஞ்சு வந்துச்சு.” கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். “நான்தாங்க ஒட்டி அனுப்பினேன். நம்ம பெட்டின்னு தெரியாமப் போச்சு.”

அவருக்கு மூச்சைச் சேர்த்துக்கொள்ள நேரம் பிடித்தது. பிறகு அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“நல்லா... ஒட்டினியா?”

“ஒட்டினதே தெரியலைங்க” என்றாள்.