கழுத்து வரை தண்ணீர்

மலேசியாவில், கிள்ளானில் நான் வேலை பார்க்கும் தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர் அறையில் யாரும் நேராகக் களைப்பு என்று சொன்னதில்லை. ஒருவர் பேட்டரி போச்சு என்பார். இன்னொருவர் தன்னை மெஷினில் நாலு தரம் விட்ட கரும்பு என்பார். எனக்கு எதிர் மேசையில் இருந்த ஆறாம் ஆண்டு ஆசிரியை, என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன், எப்போதும் தண்ணீரைச் சொல்வார். பள்ளி திறந்த மாதம் முட்டி வரைக்கும் வந்துவிட்டது என்றார். கணினியில் ஏற்ற வேண்டிய பதிவுகளும் போட்டிகளும் சனிக்கிழமைக் கூட்டங்களும் அவர் தலையில் விழுந்தபோது இடுப்பு என்றார்.

நாங்கள் சிரித்தோம். வெள்ளம் பார்த்த ஊர், பழகிய பேச்சு. இன்றைக்கு எதுவரைக்கும் என்று நானே விசாரிப்பேன். கழுத்து என்று அவர் சொன்ன அன்று மணி அடித்துவிட்டது. வகுப்புக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவர் தண்ணீரைப் பற்றிப் பேசவேயில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து நான் ரயில் பிடித்து வர நேரமாகிவிட்டது. பள்ளி வளாகத்தில் அக்கா காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். மூன்றாவது முறை தட்டியபோதுதான் கண்ணாடியை இறக்கினார்.

"கால் இறங்க மாட்டேங்குது லா," என்றார். குரலில் பயம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவரைப் பக்கத்து இருக்கைக்கு நகரச் சொல்லி, நானே கிளினிக்குக்கு ஓட்டிப்போனேன். என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டார். கழுத்து வரைக்கும் தண்ணீர் என்றார் அக்கா. டாக்டரும் தமிழ்ப் பெண்தான். எந்தத் தாமானில் குடியிருக்கிறீர்கள், வீட்டுக்குள் வெள்ளம் வந்ததா என்று அக்கறையோடு விசாரித்தார்.

"வீடு நனையல டாக்டர். பள்ளிக்கூடத்தைச் சொல்றாங்க. ஆறு மாசமா சொல்றாங்க," என்றேன்.

ஆறு மாதம் என்று என் வாயால் சொன்னபோது உடம்பு கூசியது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

மறுநாளே அவர் வகுப்பும் என்னிடம் வந்தது. பயிற்சிப் புத்தகங்களைப் பிரித்தேன். எல்லாப் பக்கங்களிலும் அழகான சிவப்புச் சரி, கீழே கையெழுத்து, தேதி. சில புத்தகங்களில் அந்தப் பக்கங்களில் ஒரு எழுத்துகூட இல்லை. வெற்றுத்தாளுக்குச் சரி போட்டிருந்தார். ஒன்றல்ல, வாரக்கணக்கில்.

முன்வரிசைப் பெண்ணை அழைத்துக் கேட்டேன்.

"நான் எழுதவே இல்ல டீச்சர். சொன்னா அந்த டீச்சர் அழுவாங்கன்னு நாங்க யாரும் சொல்லல," என்றாள்.

அந்தப் புத்தகங்களைத் தலைமையாசிரியரிடம் நான் காட்டவில்லை. அக்கா திரும்பி வரவில்லை. வேலையை விட்டுவிட்டு இப்போது செலாயாங்கில் தங்கை வீட்டில் இருக்கிறார். போனில் பேசும்போது சமையலைப் பற்றிப் பேசுவார், பள்ளியைப் பற்றிக் கேட்பதில்லை. அவர் இடத்துக்குப் புதிதாக ஒருவரை அனுப்புவார்கள் என்றார்கள். இன்னும் யாரும் வரவில்லை. இரண்டு வகுப்பையும் நான்தான் பார்க்கிறேன்.